படம் தெரிகிறது, எழுத்து தெரியவில்லை

ஜூன் 6, வாசகர் கேள்வி

என் மகனுக்கு நாலு வயது முடிந்துவிட்டது. கூடத்துச் சுவரில் அ முதல் ஃ வரை படம் போட்ட சார்ட் ஒட்டியிருக்கிறோம். கேட்டால் அ அணில், ஆ ஆடு, இ இலை என்று மடமடவென்று ஒப்பிக்கிறான். ஒரு தாளில் 'இ' மட்டும் எழுதிக் காட்டினால் முழிக்கிறான். நேற்று 'ஒ' காட்டினேன், "இலை" என்றான். படம் வைத்துச் சொல்லிக்கொடுப்பதே தப்போ? சார்ட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு சிலேட்டில் எழுத வைக்கலாமா?

ஜூன் 6, இரவு

கிழிக்க வேண்டாம். அவனுக்கு இப்போது தெரிந்திருப்பது ஒரு பாட்டு. பாட்டு தெரிவதும் நல்லதுதான், ஆனால் அது எழுத்து இல்லை.

நான் ஒன்றாம் வகுப்பு எடுத்தவள். ஒரு தடவை வெள்ளையடிப்பதற்காக சார்ட்டைக் கழற்றி, அப்புறம் எதிர்ச் சுவரில் மாட்டினோம். முந்தின வாரம் வரை நன்றாகச் சொன்ன பிள்ளைகளில் பாதிப்பேர் தடுமாறினார்கள். ஒருத்தி பழைய சுவரையே பார்த்து, ஜன்னல் ஓரத்தைக் கை காட்டி "ஊஞ்சல் அங்கதான டீச்சர் இருக்கும்?" என்றாள். அவளுக்கு ஊ என்பது ஜன்னலுக்குப் பக்கத்து இடம். வடிவத்தை அவள் பார்த்ததே இல்லை. பார்க்க வேண்டிய தேவையும் வரவில்லை, படமும் இடமும் பதிலைச் சொல்லிவிட்டன.

முதலில் வரிசையைக் கலையுங்கள். சார்ட்டின் நகல் ஒன்றைக் கட்டம் கட்டமாக வெட்டி, குலுக்கிப் போட்டுக் கேளுங்கள். மீதியை நாளைக்குச் சொல்கிறேன்.

ஜூன் 7

படம் வேலை செய்ய வேண்டுமானால் குழந்தைக்குள் சில காரியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்க வேண்டும். படத்தைப் பார்த்ததும் பெயர் வாயில் வர வேண்டும். அந்தப் பெயரின் முதல் ஒலி தனியாகக் காதில் விழ வேண்டும். விழுந்த ஒலி பக்கத்தில் இருக்கும் வடிவத்தோடு ஒட்ட வேண்டும். நாம் கடைசியை மட்டும்தான் கவனிக்கிறோம். கோளாறு பெரும்பாலும் முதலிலேயே இருக்கிறது, படத்தின் பெயரில்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். எழுத்தை விரலால் மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் காட்டி "இது என்ன?" என்று கேளுங்கள். சொல்லிக்கொடுக்காதீர்கள். எனக்குக் கிடைத்த பதில்கள் சில:

ஔவையார்: "பாட்டி."
ஓநாய்: "நாய்."
ஓடம்: "போட்."
உரல்: "குப்பைத் தொட்டி."
ஓணான்: "பல்லி", கொஞ்சம் தைரியசாலி "டைனோசர்".
ஈ: "கொசு."

யாரும் தப்பாகச் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னார்கள். படம் தேர்ந்தெடுத்தவர்தான் குழந்தையிடம் கேட்கவில்லை. 'ஔ'வுக்கு நேராகப் பாட்டி நின்றால் 'ஔ' என்ற எழுத்தைப் 'பா' என்று படிக்கிற பிள்ளைதான் கெட்டிக்காரப் பிள்ளை.

ஜூன் 7, சற்று நேரம் கழித்து

விட்டுப்போனது ஒன்று. ஐ-க்கு 'ஐவர்' என்று ஐந்து பேரை நிறுத்திவைத்த படத்தைக் காட்டினால் ஒரு பையன் "கல்யாணம்" என்றான். எல்லோரும் வரிசையாக நின்று நேரே பார்த்தார்கள், வேறு என்ன சொல்வான்.

ஜூன் 9

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: "நீங்கள் சொன்னபடி மறைத்துக் கேட்டேன். இலையைச் சரியாகத்தான் சொன்னான்."

என்னவென்று சொன்னான்? இலை என்றா, எல என்றா? இன்னொரு முறை காது கொடுத்துக் கேளுங்கள்.

இதை நான் எத்தனை பேரிடம் சொன்னாலும் முதலில் சிரிக்கிறார்கள், அப்புறம் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைக் கேட்டுவிட்டு வருகிறார்கள். பேச்சுத் தமிழில் சொல்லின் முதலில் வரும் இகரமும் உகரமும் பல இடங்களில் அப்படியே நிற்பதில்லை. அடுத்து ஒற்றை மெய் வந்து, அதன்மேல் அகரமோ ஐகாரமோ ஏறியிருந்தால், இ எகரமாகவும் உ ஒகரமாகவும் இறங்கிவிடும். இலை எல ஆகிறது, இடம் எடம் ஆகிறது, இறகு எறகு ஆகிறது. உரல் ஒரல், உலக்கை ஒலக்க, உதடு ஒதடு. உயிரெழுத்தோடு நிற்பதும் இல்லை: குடை கொட, குளம் கொளம், குரங்கு கொரங்கு, விரல் வெரல், விளக்கு வெளக்கு, சிலந்தி செலந்தி.

இப்போது சார்ட்டைத் திரும்பப் பாருங்கள். இ-க்கு இலை. உ-க்கு உரல். கு-க்கு குடை. வி-க்கு விளக்கு. படம் பார்த்து முதல் ஒலியைப் பிடி என்று சொல்லிவிட்டு, முதல் ஒலி மாறிப்போன சொற்களாகப் பொறுக்கி வைத்திருக்கிறோம். காது கூர்மையாக உள்ள குழந்தை இலையை எ-க்குக் கீழே கொண்டுபோய் வைக்கும். வைத்ததற்குத் திட்டும் வாங்கும். காது மந்தமான குழந்தை பேசாமல் மனப்பாடம் செய்துவிட்டுப் பாராட்டு வாங்கும்.

இன்னும் சில. ஐந்து பேச்சில் அஞ்சு, அதாவது அ. யானை பல வீடுகளில் ஆனை, அதாவது ஆ. இரண்டு என்பது ரெண்டு, இ இருந்த இடமே காணோம்.

ஜூன் 10

ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார்: "அப்படியானால் எல, கொட என்று கொச்சையாகச் சொல்லிக்கொடுக்கச் சொல்கிறீர்களா? குழந்தை திருத்தமாகப் பேசக் கற்க வேண்டாமா?"

அப்படிச் சொல்லவில்லை. இலையை இலை என்றுதான் எழுத வேண்டும், படிக்கும்போது அப்படித்தான் படிக்க வேண்டும். அதைப் படித்த பிறகு கற்றுக்கொள்ளட்டும். எழுத்தே தெரியாத குழந்தைக்கு எழுத்து வேறு, பேச்சு வேறு என்ற இரண்டு வித்தையையும் ஒரே அட்டையில் திணிக்க வேண்டாம் என்கிறேன். முதல் சில வாரங்களுக்கு வாயும் புத்தகமும் ஒத்துப்போகிற சொற்களாகப் பார்த்து எடுங்கள். பஞ்சமே இல்லை. ஒற்று இரட்டித்தாலோ, மெல்லினம் சேர்ந்து வந்தாலோ இகரம் அசையாது: இட்லி, இஞ்சி. இ, உ தொடர்ந்து வந்தாலும் அசையாது: இடி, இரும்பு. அதேபோல உப்பு, உண்டியல், உளி. குடைக்குப் பதில் குருவி. விளக்குக்குப் பதில் விசிறி. சிலந்திக்குப் பதில் சிங்கம். முயலுக்குப் பதில் முட்டை, வரைவதும் சுலபம். ஐ-க்கு ஐஸ். தூய தமிழ் இல்லை என்று யாராவது வந்தால் என்னிடம் அனுப்புங்கள், நாலு வயதுக் குழந்தை ஐஸ் என்றதும் ஐ-யைப் பிடிக்கிற வேகத்தைக் காட்டுகிறேன்.

ஆனால் கடன்சொல் எடுக்கும்போது இன்னொரு கண் வேண்டும். ப-வுக்குப் பலூன் போடுகிறார்கள், பஸ் போடுகிறார்கள். அங்கே வாயில் வருவது பல்லியின் ப இல்லை, அதிர்ந்து வரும் வேறொரு ஒலி. ப என்ற எழுத்து இரண்டையும் சுமக்கும் என்பது நமக்குத் தெரியும். குழந்தைக்கு முதலில் ஒன்றைக் கொடுப்போம்: பல்லி, பட்டம்.

ஜூன் 10, மாலை

யாழ்ப்பாணத்து வாசகர் ஒருவர்: "எங்கட வீட்டில இலை இலைதான். எல எண்டு ஒருத்தரும் சொல்றதில்லை."

நல்லது, உங்கள் பிள்ளைக்கு இலை படமே போதும். அட்டைக் கட்டு வீட்டுக்கு வீடு மாறலாம். அச்சடித்த சார்ட்டால் இது முடியாது.

ஜூன் 11

தாத்தா பாட்டி இருக்கிற வீடுகளில் இன்னொரு குழப்பமும் உண்டு. அவர்கள் ஆனா, ஆவன்னா, ஈனா, ஈயன்னா என்று சொல்லிப் பழகியவர்கள். அ-வின் பெயர் ஆனா. பெயரின் முதல் ஒலியே நெடில். அட்டையில் அணில் இருக்கிறது, பாட்டி ஆனா என்கிறார், குழந்தை ஆடு இருக்கும் அட்டையைத் தூக்கிக் காட்டுகிறது. பாட்டியை மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். அது வரிசைப் பாட்டு என்று தனியாக இருக்கட்டும். அட்டை விளையாட்டின்போது மட்டும் எழுத்தின் ஒலியைச் சொல்லுங்கள், பெயர் வேண்டாம்.

ஜூன் 13

இதுவரை நான் ஒலியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். நேற்று ஒருவர் கேட்டார்: "ஒலி சரியாகப் பிடித்தும் வடிவம் மறந்துபோகிறதே?" நியாயமான கேள்வி. அணில் படம் அ-வின் ஒலியை நினைவூட்டும், அ-வின் வளைவை நினைவூட்டாது. அணிலுக்கும் அந்தக் கோட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, பக்கத்துப் பக்கத்தில் குடியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

லின்னியா எரி என்ற அமெரிக்க ஆய்வாளர் இன்னும் இருவரோடு சேர்ந்து 1984-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார். இன்னும் படிக்கத் தெரியாத பிள்ளைகள். ஒரு பகுதியினருக்கு எழுத்தின் வடிவமே படத்துக்குள் ஒளிந்திருக்கும் அட்டைகள், பாம்பாக நெளியும் ஆங்கில எஸ் மாதிரி. இன்னொரு பகுதியினருக்கு எழுத்து தனி, படம் தனி. எழுத்தும் படமும் ஒன்றாக இருந்த அட்டைகளில் படித்தவர்கள்தான் நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். 2010-ல் ஆங்கிலம் பேசும் மழலைகளுக்கு எபிரேய எழுத்துகளை வைத்துச் செய்தபோதும் அதே முடிவு. இதில் வியப்பில்லை, எழுத்துகளில் பல படமாகப் பிறந்தவைதானே. ஆங்கில ஏ-யைத் தலைகீழாகத் திருப்பினால் கொம்பு வைத்த மாட்டுத் தலை. செமித்திய மொழிகளில் அந்த எழுத்தின் பெயர் மாட்டைக் குறித்த சொல்தான்.

தமிழில் நான் செய்து பார்த்து நின்றவை கொஞ்சம்தான். ஈ-யில் இருக்கும் இரண்டு புள்ளிகளையும் கண்ணாக்கி, பக்கத்தில் சிறகு வைத்தால் அது ஈயேதான், கொசு என்று ஒரு பிள்ளையும் சொல்லவில்லை. ட-வைப் பக்கவாட்டில் பார்த்த கட்டில் ஆக்கலாம்: நிற்கும் கோடு தலைமாடு, படுத்த கோட்டின்மேல் ஒரு ஆள். ப-வைப் பள்ளமாக வரையலாம்: இரண்டு பக்கமும் தரை, நடுவில் இறங்கிய குழி, உள்ளே விழுந்துகிடக்கும் பந்து. இந்தப் பள்ளம் படம் நன்றாக ஓடியது. ம-வை எழுதும்போது சிலர் "பள்ளம் மூடிப்போச்சு" என்று அவர்களாகவே சொல்லிக்கொண்டார்கள்.

ஜூன் 14

எல்லாம் படமாகிவிடும் என்று இறங்கிவிடாதீர்கள். என்னிடம் ஒரு அச்சடித்த சார்ட் இருந்தது, யார் போட்டது என்று சொல்ல மாட்டேன். அதில் ஆ-வை ஆடாக வளைத்து, வாலை நீட்டி, தாடி வைத்து, கடைசியில் அதில் ஆ எங்கே என்று பெரியவர்களுக்கே தேட வேண்டியிருந்தது. எழுத்தின் கோடு கெட்டியாக, ஒரே நிறத்தில், முழுசாகத் தெரிய வேண்டும். படம் அதைச் சுற்றி மெல்லிய கோட்டில் வந்து சேர வேண்டும். ஐந்தாறு எழுத்துக்கு இயல்பாக அமைந்தால் போதும், மீதிக்கு அணிலும் ஏணியும் பக்கத்தில் நிற்கட்டும்.

நம்மவர்கள் வடிவத்துக்கு வைத்த பெயர்களையும் மறக்க வேண்டாம். கால், கொம்பு, கொக்கி, விசிறி, சுழி. மூணு சுழி ண, ரெண்டு சுழி ன. இவையெல்லாம் வாயால் வரைந்த படங்கள். "கொம்பு போடு" என்றால் என் வகுப்பில் ஒரு பையன் தலையில் விரலை வளைத்து வைத்துக்கொண்டு அப்புறம்தான் எழுதுவான்.

ஜூன் 18

தமிழ்நாட்டு அரசின் "எண்ணும் எழுத்தும்" திட்ட வகுப்பில் அரும்பு நிலைப் பிள்ளைகளோடு, அதாவது தொடக்க நிலையில் இருப்பவர்களோடு, மல்லுக்கட்டும் ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "உயிரெழுத்தெல்லாம் சரி. ண, ழ, ள, ற, ன-வுக்கு என்ன படம் போடுவது?"

இதில்தான் முதல் எழுத்துப் படம் என்ற வழியே முட்டுச்சந்தில் போய் நிற்கிறது. தமிழில் எந்தெந்த எழுத்து சொல்லுக்கு முதலில் வரும் என்பதற்குத் தொல்காப்பியத்திலேயே கணக்கு இருக்கிறது. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன எதுவும் அந்தப் பட்டியலில் கிடையாது. ர-வுக்கும் ல-வுக்கும் ரயில், லட்டு என்று கடன்சொல் வந்து கைகொடுக்கும். ழ-வுக்கு எந்தக் கடன்சொல்லும் கைகொடுக்காது. ஆகவே ழ-வுக்குப் பழம், ற-வுக்குப் பறவை, ண-வுக்குக் கண். இவ்வளவு நாள் "முதல் ஒலியைப் பிடி" என்று பழக்கிவிட்டு இப்போது நடுவில் தேடு என்றால், பழம் அட்டையைப் பார்த்துப் 'ப' என்றுதான் சொல்லும்.

கடைசி ஒலியைப் பிடிக்கச் சொல்லலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. மீன், தேள், கண், பல் என்று அட்டை எழுதிப் பார்த்தேன். பிள்ளைகள் சொல்வது மீனு, தேளு, கண்ணு, பல்லு. மெய்யில் முடிகிற சொல்லுக்கெல்லாம் பேச்சில் ஒரு உகரம் ஒட்டிக்கொள்கிறது. மரம் என்றாலோ மகரமே வெளியே வராமல் மூக்கோடு போய்விடுகிறது. தப்பிப் பிழைத்தது ய் மட்டும்: நாய், பாய், காய்.

இதில் ஒரு நல்லது கவனித்தேன். கண்ணு, பல்லு என்று சொல்லும்போது ஒற்று இரட்டித்து, நாக்கு அந்த இடத்தில் ஒரு கணம் நின்று போகிறது. பாதியில் நிறுத்தச் சொல்லுங்கள்: "கண்ண்ண்..." இப்போது நாக்கு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். மேலே மடிந்து அண்ணத்தைத் தொடுகிறது என்று பிள்ளையே கண்டுபிடிக்கும். பிறகு "தண்ண்ண்..." தண்ணியும் அதே இடம்தான். படம் இங்கே சொல்லை நினைவூட்டுவதோடு ஒதுங்கிக்கொள்ளும், மீதி வேலை நாக்குக்கும் ஒரு கைக்கண்ணாடிக்கும். ழ-வுக்கும் இதே வழி, என்ன, முதலில் வீட்டுப் பெரியவர்கள் பழத்தைப் பளம் என்று சொல்லாமல் இருக்க வேண்டும்.

ங பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்கவும். சங்கு படம் போடுவார்கள். சங்கில் வருவது ங், ங இல்லை. ங, ஙா, ஙி என்று வரிசை முழுக்க மனப்பாடம் செய்ய வைப்பதில் எனக்கு ஈடுபாடு இல்லை.

ஜூன் 19

நேற்று எழுதியதை மீண்டும் படித்தபோது வேறொன்று நினைவுக்கு வந்தது. கொமேனியஸ் என்ற செக் நாட்டுக் கல்வியாளர் 1658-ல் குழந்தைகளுக்கென்று படம் போட்ட பாடநூல் ஒன்றை நியூரம்பெர்க்கில் அச்சிட்டார். அதன் தொடக்கத்தில் எழுத்துப் பக்கம் இருக்கிறது. அதில் அவர் பெயரின் முதல் ஒலியை நம்பவே இல்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பிராணி, அது போடுகிற சத்தம்தான் எழுத்தின் ஒலி. காகம் ஆ ஆ, ஆட்டுக்குட்டி பே பே, பாம்பு சீறினால் எஸ்.

நமக்கு இதைவிட வசதி. காகம் கத்துவது கா. கா என்ற எழுத்து, காகம் என்ற பெயர், அது போடும் சத்தம் மூன்றும் ஒன்று. கிளி கீ கீ. குயில் கூ. ஆடு மே. மாடு மா. பெயரைச் சொல்லி, முதல் ஒலியைப் பிரித்து என்ற சுற்றுவழியே வேண்டாம், குழந்தை ஏற்கெனவே போட்டுக்கொண்டிருக்கிற சத்தம்தான் எழுத்து. வகுப்பில் சத்தம் தாங்காது, அதற்கு நான் பொறுப்பில்லை.

ஆனால் கவனித்தீர்களா, எல்லாமே நெடில். குறிலில் கத்துகிற பிராணி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

ஜூன் 20

தவளை என்று ஒருவர். கொர் கொர். ஏற்றுக்கொள்கிறேன்.

ஜூன் 23

நெடில் என்றதும் இன்னொரு வழி திறந்தது. ஓரெழுத்து ஒருமொழி. நன்னூல் 42 என்று கணக்குச் சொல்கிறது, 40 நெடில், நொ, து என்று இரண்டு குறில். எழுத்தே சொல்லாக இருக்கும்போது படத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. பூ படம் போட்டு 'பூ' என்று எழுதினால் குழந்தை படிப்பது எழுத்து இல்லை, ஒரு முழுச் சொல். முதல் நாளே வாசித்துவிட்டது!

இந்த உற்சாகத்தில் அட்டை எழுத உட்கார்ந்தேன். அப்புறம் என்னுடைய பழைய சோதனையை இதற்கும் வைத்துப் பார்த்தேன். தீ படம்: "நெருப்பு". பை படம்: "பேக்". மை படம்: "இங்க்". மா என்றால் மாமரம், நா என்றால் நாக்கு, இதையெல்லாம் எந்தக் குழந்தை சொல்லும்? நன்னூல் கொடுத்த பட்டியலில் படமாக நின்றவை கை, பூ, இறக்கை வைத்த ஈ. அவ்வளவுதான்.

விட்டுவிடலாம் என்று இருந்தேன். தங்கை பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து வெட்டிய அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். விளையாட்டாக ஒரு அட்டையில் 'வா' என்று எழுதி, கை அசைத்துக் கூப்பிடுகிற மாதிரி ஒரு பொம்மை வரைந்து, வாயைத் திறக்காமல் நீட்டினேன். எழுந்து வந்தாள். 'போ' எழுதி, முதுகைக் காட்டி நடக்கிற ஆள் வரைந்தேன். போனாள். அறையின் அந்தப் பக்கத்திலிருந்து 'வா' காட்டினேன், ஓடி வந்தாள். அப்புறம் இரண்டு அட்டையிலும் பொம்மையை வெட்டி எறிந்துவிட்டு வெறும் எழுத்தை மட்டும் காட்டினேன். முதலில் கொஞ்சம் நின்று பார்த்தாள். பார்த்த இடம்தான் எனக்கு முக்கியம்: அட்டையின் இடது பக்கத்துக் கொம்பு. கொம்பு இருந்தால் போ என்று அவளாகவே முடிவு கட்டியிருந்தாள். வடிவத்தைப் பார்க்க வேண்டிய தேவை வந்துவிட்டது, பார்த்துவிட்டாள்.

பெயர்ச்சொல்லாகத் தேடிக்கொண்டிருந்ததால்தான் பட்டியல் வறண்டுபோய்த் தெரிந்தது. வா, போ, தா, நீ இவற்றையெல்லாம் நாம் தினம் வாயில் வைத்திருக்கிறோம். (தா மட்டும் எங்கள் வீட்டில் குடு. உங்கள் வீட்டில் எப்படியோ.)

ஜூன் 24

ஒரு சந்தேகம், என் மீதே. போ, கை இரண்டிலும் கொம்பு இடது பக்கம் வருகிறது, ஆனால் ஒலியில் பிறகுதான் வருகிறது. க எழுதிவிட்டு அதன் வலது பக்கத்தில் கொம்பு போடுகிற பிள்ளைகள் நிறைய. காதில் கேட்ட வரிசையில் எழுதுகிறார்கள், தர்க்கப்படி சரி. ஆகவே இந்த அட்டைகள் படிப்பதற்கு மட்டும். எழுத ஆரம்பிக்கும்போது ட, ப, ம, ர என்று கோடு எளிதாக உள்ளவற்றிலிருந்தே தொடங்குங்கள்: படம், பட்டம், மரம். படிக்கிற வரிசையும் எழுதுகிற வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை.

ஜூன் 24, இரவு

"என் மாமனார் எழுதிக் காட்டும் லை-யும் புத்தகத்து லை-யும் வேறாக இருக்கிறது, எதைச் சொல்லிக்கொடுப்பது?" புத்தகத்தில் இருப்பதை. அவர் எழுதுவது யானைத் துதிக்கை மாதிரி மேலே வளைந்த பழைய வடிவம். 1978-ல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தபோது லை, ளை, ணை, னை, ணா, றா, னா முதலான 13 எழுத்துகள் மாறின. அதற்கு முன் பள்ளிக்குப் போனவர் அப்படித்தான் எழுதுவார். துதிக்கையைக் குழந்தைக்குக் காட்டுங்கள், ரசிக்கும். பரீட்சைக்கு வேண்டாம்.

ஜூலை 2

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். அட்டையாக வெட்டி, இலையை எடுத்துவிட்டு இட்லி போட்டாராம், இப்போது பையன் வரிசை மாற்றிக் கேட்டாலும் சொல்கிறானாம். "படத்தை எப்போது எடுப்பது?" என்கிறார்.

ஒரேயடியாக எடுக்காதீர்கள். படத்தை அட்டையின் பின்பக்கம் ஒட்டுங்கள். முன்பக்கம் எழுத்து மட்டும். தெரிந்தால் சொல்லட்டும், தெரியாவிட்டால் அவனே திருப்பிப் பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் உதவிக்குப் போக வேண்டாம், திட்டவும் வேண்டாம். எந்த அட்டையைத் திருப்புகிறான் என்று மட்டும் பாருங்கள், அதுதான் இன்னும் நிற்காத எழுத்து. திருப்பாத அட்டைகளிலிருந்து படத்தைப் பிய்த்துவிடலாம். என் அனுபவத்தில் ஏ-யும் எ-யும், ஒ-வும் ஓ-வும் கடைசி வரை திருப்பப்படும். அவற்றைத் தனித்தனியாகக் கேட்காமல் ஜோடியாக வைத்து, எலியையும் ஏணியையும் இழுத்துச் சொல்ல வைத்து, எது நீளம் என்று கேட்டால் தீரும்.

கைபேசிச் செயலி பற்றியும் கேட்டிருந்தார். தொட்டால் எழுத்தும் படமும் சத்தமும் சேர்ந்து வருகிற செயலியில் குழந்தை செய்ய வேண்டிய வேலை ஒன்றுமே மிச்சம் இல்லை. வேடிக்கை பார்க்கட்டும், படிக்கிறது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

ஜூலை 5

அதே அப்பாவிடமிருந்து: "வா, போ அட்டை செய்து கொடுத்தேன். நேற்று வீட்டுக்கு வந்த பெரியப்பாவிடம் 'போ' அட்டையை நீட்டிவிட்டான். பெரியப்பா மரியாதை இல்லாத பிள்ளை என்கிறார்."

பெரியப்பாவுக்குப் 'போங்க' என்று ஒரு அட்டை எழுதிக் கொடுங்கள். அதில் ங் இருக்கிறது, சங்கு படம் வேண்டியதில்லை. போ தெரியும், மீதி ஒலியை மரியாதைக்காக அவனே தேடிப் பிடிப்பான். அடுத்து 'வாங்க'. ங பற்றிப் போன மாதம் கேட்டவர்களும் இதைப் பார்த்துக்கொள்ளவும்.